ஓவர்லோடு

மலை மேல் பாய்மரப் படகு விட வேண்டும் என்று ஒரு மனிதனுக்கு ஏன்தான் தோன்ற வேண்டும்? சாமியப்பனுக்குத் தோன்றியது. கீழே காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லாரியில் தொடங்கி, லாரிகள் பெருகி, பெருகிய கையோடு மேலே மலையில் பெரக்கரை நாட்டில் நிலம் வாங்கி, பெரிதாக ஒரு குழி வெட்டி, ஓடைத் தண்ணீரை அதில் திருப்பிவிட்டு, ஏரி என்று போர்டு மாட்டினார். ஊர் எருமைகள் இன்றுவரை அதைக் குட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. கரையில் நாலு குடிசை மாதிரி அறைகள், ஒரு ஓட்டல், பேர் ரிசார்ட். கண்டவனெல்லாம் வாத்து மூஞ்சிப் பெடல் படகு விடுகிறான், நாமும் அதையே விட்டால் நமக்கென்ன மரியாதை என்று, புதுச்சேரியில் யாரோ கழித்துக்கட்டிய சின்னக் கேட்டமரான் ஒன்றை வாங்கித் தன் லாரியிலேயே ஏற்றிவிட்டார்.

காரவள்ளியில் தொடங்கி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லாரியை முன்னே விட்டுப் பின்னே எடுத்து, பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர்களிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கி, ஒருவழியாகப் படகு மேலே வந்து சேர்ந்தது. இரண்டு ஒல்லிப் படகுகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே ஒரு ஃபைபர் தளத்தால் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. தளத்தின் முன்பக்கம் பாய்மரம், பின்பக்கம் ஆட்கள் உட்கார இடம். "இது கட்டுமரந்தானுங்க?" என்று கேட்ட காத்தானை, "கட்டுமரம் இல்லய்யா, கேட்டமரான்! வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று சாமியப்பன் வாயடைத்தார். ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்த்த காத்தானும், பெரிய மனுசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

படகு வந்துவிட்டது, ஓட்ட ஆள் வேண்டுமே! கற்றுக்கொடுக்க வந்த புதுச்சேரிக்காரர் முன்னால் ரிசார்ட் பையன்கள் வரிசையாக வந்தார்கள். பாய் ஒரு தடவை படபடவென்று அடித்ததும் வரிசையாகத் திரும்பிப் போனார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரஞ்சிதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். எந்தப் பள்ளத்திலிருந்து எந்த நேரத்துக்குக் காற்று ஏறி வரும் என்று மிளகுக்கொடிக்கு ஏணி வைத்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதது கயிறுதான். அதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். புதுச்சேரிக்காரர் சந்தோசமாக பஸ் ஏறினார்.

ரஞ்சிதா அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமி எலும்பாகித்தான் மலைக்குத் திரும்பி வந்தாள். இனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று எட்டுக்கை அம்மன் முன்னால் நின்று சொல்லிவிட்டாள். சொல்லிவிடலாம், சோறு? மிளகுப் பறிப்பு முடிந்தால் மலையில் கை சும்மாதான் இருக்கும். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் வேறு ஆள் போட்டாயிற்று. இந்தப் படகு கையைவிட்டுப் போனால் திருப்பூர் பஸ்தான். அது அவளுக்கும் தெரியும், சாமியப்பனுக்கும் நன்றாகத் தெரியும்.

இனி தேங்காய்க்கு வருவோம். லாரி வைத்திருக்கிறவர்கள் அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூசை போடுவார்கள். சாமியப்பன் வீட்டு வழக்கம், தேங்காயை லாரி பம்பரிலேயே உடைப்பது. பம்பர் இரும்பு, எத்தனை தேங்காய் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். படகும் வண்டிதானே? பாய்மரத்தின் அடியில் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்து, சூடம் சுற்றி, அந்தத் தளத்திலேயே ஓங்கி ஒரு போடு போட்டார். ரஞ்சிதா ஓடி வந்தாள்.

"ஏனுங்கய்யா, கரையில கல்லு இருக்குதுங்க. அதுல ஒடைச்சா ஆவாதுங்களா?"

"ஏம்புள்ள, கல்லுக்கா பூசை போடறோம்? படகுக்குப் பூசைன்னா படகுலதான் ஒடைக்கோணும். எங்க ஊட்டு லாரியெல்லாம் கல்லுல ஒடைச்சா ஓடுது?"

சம்பளம் கொடுக்கிறவருக்கு யார் சாஸ்திரம் சொல்வது? அவள் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினாள்.

நாலைந்து அமாவாசை போனதும் பாய்மரத்தடியில் ஒரு கீறல் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சுற்றிலும் கோடுகள், பிள்ளைகள் வரையும் சூரியன் மாதிரி. சாமியப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, கண்ணு பட்டுருச்சு" என்றார். கண் பட்டதற்கு வைத்தியம் என்ன? இன்னொரு தேங்காய்! அமாவாசை போதாதென்று வெள்ளிக்கிழமையும் பூசை வந்தது. அதே கை, அதே இடம். கீறல் இன்னும் நீண்டது. அட, கண் பலமாகத்தான் பட்டிருக்கிறது போல என்று சூறைத்தேங்காயாக இரண்டு இரண்டாகப் போட்டார். ஆயுதபூசைக்குப் பூசணிக்காயே வந்துவிட்டது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை கீறல் வழியாக உள்ளே இறங்கியது. பாய்மரத்தடியை மிதித்தால் டீயில் நனைத்த பன் மாதிரி அமுங்கியது. சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் செல்ஃபிக்காகப் பாய்மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போய், குதிகால் தளத்துக்குள் இறங்கி, போட்ட அலறலில் குட்டைக் கரை எருமைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன.

சாமியப்பன் ஓடி வந்தார். நாலு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தப்புக்கு யாரையாவது காட்ட வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

"ஓவர்லோடு ஏத்தியிருக்கா! ஆறு பேருதான் ஏத்தோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"இல்லீங்கய்யா. ஒரு நாளும் ஏழு பேரை ஏத்துனதில்லீங்க. நீங்கதான் உங்க சொந்தக்காரங்களைப் பத்துப் பேரா ஏத்தச் சொன்னீங்க. நான் அன்னிக்கும் மாட்டேன்னுதானுங்க சொன்னேன்."

"எதுத்தா பேசற? மெக்கானிக் வரட்டும். ஓவர்லோடுன்னு அவன் சொல்லிப்புட்டான்னா நீ ஊட்டுக்குக் கெளம்பிரு."

இதற்குள் இன்னொரு சங்கதியும் இருந்தது. சாமியப்பன் மனைவி நாகலட்சுமியின் தம்பி மகன் சுபாஷ், இன்ஜினியரிங் முடித்துவிட்டு அத்தை வீட்டில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. படகு ஓட்டுவது ராஜா வேலை என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

மெக்கானிக் என்று வந்தவன் முருகானந்தம். சேந்தமங்கலம் ரோட்டில் லாரிகளுக்கு ஃபைபர் டாப்பு, வெயில் மறைக்கும் வைசர் செய்து ஒட்டுகிற பட்டறைக்காரன். சாமியப்பனின் அத்தனை லாரியும் அவனிடம்தான் போகும். படகை அவன் அதுவரை சினிமாவில்தான் பார்த்திருக்கிறான், ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஆளா? "கப்பல் என்னங்க கப்பல், லாரியக் கவுத்துப் போட்டாக் கப்பலுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஃபைபரைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவன். ஐந்து ரூபாய்க் காசை எடுத்துத் தளத்தில் தட்டிக்கொண்டே போனான். பின்பக்கம், ஆட்கள் உட்காரும் இடமெல்லாம் 'டண் டண்' என்றது. பாய்மரத்தடிக்கு வந்ததும் 'தொப் தொப்'. அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான். கோடு முடிந்தபோது, அமாவாசைக்கு அமாவாசை தேங்காய் உடைக்கிற இடத்தைச் சுற்றி அச்சாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"ஏனுங்ணா, ஆளுங்க ஒக்கார்றது பின்னாடிங்க" என்றாள் ரஞ்சிதா. "பாரம் ஏறிக் கெட்டுதுன்னா அங்கதானுங்களே தொப்புங்கோணும்?"

முருகானந்தம் அவளைப் பார்த்தான். சாமியப்பனைப் பார்த்தான். பிறகு எதையும் பார்க்காமல் கட்டிங் மெஷினை ஓட்டினான். மேல் தோலை வட்டமாக அறுத்துத் தூக்கியதும் அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவில் லேசான கட்டை வைத்துச் செய்திருந்தார்கள். அது கறுத்து, தண்ணீர் குடித்து, புழுங்கல் சோறு மாதிரி கையோடு வந்தது. அந்தச் சேற்றில் முருகானந்தத்தின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தான். தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று, நாரோடு.

"என்னப்பா கெடக்குது?" என்று கரையிலிருந்து சாமியப்பன் கேட்டார்.

முருகானந்தம் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஓவர்லோடுதானுங்க முதலாளி. சந்தேகமே இல்லீங்க."

ரஞ்சிதா அந்தச் சில்லைப் பார்த்துவிட்டாள். அவன் கை கழுவக் குழாயடிக்குப் போனபோது பின்னாலேயே போனாள்.

"பையில போட்டுக்கிட்டது என்னங்ணா?"

"அம்மிணி, நானும் பொழைக்கோணுமில்ல" என்றான் அவன், சோப்பைத் தேய்த்துக்கொண்டே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தேங்காயைச் சட்டைப்பையில் மறைப்பதை அன்றுதான் பார்த்தாள்.

தீர்ப்பு வந்துவிட்டது. கார்த்திகை அமாவாசையன்று படகு மறுபடி இறங்கும், சுபாஷ் ஓட்டுவான். அதுவரை ரஞ்சிதா முருகானந்தத்துக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுக் கிளம்பலாம். பெரிய மனசு பாருங்கள்!

கார்த்திகையில் மலை எப்படி இருக்கும்? காலையில் துவைத்துப் போட்ட துணி மறுநாள் காலையிலும் சொட்டும். படகின் உட்கட்டை காய்வதாக இல்லை. முருகானந்தத்துக்குப் பொறுமையும் இல்லை. அரை ஈரத்திலேயே பிளைவுட்டை வெட்டிச் செருகி, மேலே துணி மாதிரி ஃபைபர் மேட்டை விரித்து ரெசின் பசையைப் பூசினான். குளிருக்கு ரெசின் இறுகவில்லை, அல்வா மாதிரி அப்படியே கிடந்தது. "இதுக்கு மருந்து பத்தலை" என்று அடுத்த டப்பாவில், பசையை இறுக்குகிற ஹார்டனரைத் தாராளமாக ஊற்றினான். டப்பா கையிலேயே கொதித்துப் புகை கக்கியது. அலறிக்கொண்டு ஓடித் தண்ணீரில் எறிந்தான். தோட்டத்திலிருந்து பார்த்த காத்தான், படகுக்குச் சாம்பிராணி போடுகிறார்கள் போல என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பட்ட அவமானத்துக்குப் பழிவாங்குகிறவன் மாதிரி, அடுத்து அவன் ஃபைபர் மேட்டுக்கு மேல் மேட்டாக ஒட்டிக்கொண்டே போனான். ரஞ்சிதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, ஓரத்தைச் சரிவாத் தேய்க்க வேண்டாங்களா? பழசும் புதுசும் ஒரே கனமாச் சேரோணும்னு புதுச்சேரிக்காரர் சொல்லுவாருங்க. ஒரு எடம் மட்டும் கல்லாட்டம் இருந்தா அது தாங்கிக்குமாம், அடி வாங்குனா அதுக்குப் பக்கத்துல விட்டுப்போயிருமாம்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? பதினாலு சக்கர லாரிக்கு டாப்பு போட்டவன் நானு! இனி இதும்மேல யானை ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது."

வேலை முடிந்து வெள்ளைப் பெயிண்ட் அடித்தபோது, பாய்மரத்தடி நெற்றியில் புடைத்த வீக்கம் மாதிரி இருந்தது. சாமியப்பன் காலால் உதைத்துப் பார்த்துப் பூரித்துப் போனார். "பூசைச் சாமானெல்லாம் நீயே வாங்கியாந்துரு புள்ள. கடைசியா ஒரு வேலை" என்று ரஞ்சிதாவிடம் சொன்னார்.

அவள் பஸ் ஏறிக் காரவள்ளிக்குப் போனாள். கடை வாசலில் தேங்காய்க் குவியல் முன்னால் உட்கார்ந்து, ஐந்து ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள்.

"தண்ணி ஆடுதான்னு காதுல வெச்சு ஆட்டிப் பாப்பாங்க" என்றார் கடைக்காரர். "நீ என்ன கண்ணு, காசுல தட்டுற?"

"கனம் பாக்கறனுங்க."

கடைசியில் சின்னதாக, கறுத்து, முற்றிப்போன ஒன்றை எடுத்தாள். காசு பட்டதும் இரும்பு மாதிரிக் கணீரென்றது. கடைக்காரர் முகம் சுளித்தார். "அதை எடுக்காத. ஓடு கனம், அருவாளுக்கே அடங்காது. பூசையில ஒடையலைன்னா சகுனம் கெட்டுப் போயிரும்."

"இதே இருக்கட்டுங்க" என்றாள் அவள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தேங்காய் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது உருண்டு வயிற்றில் இடித்தது. அடி வாங்கப்போவது படகு. அந்தப் படகு அவளுக்கு என்ன கெடுதல் செய்தது? இறங்கி வேறு தேங்காய் வாங்கலாமா என்றுகூட நினைத்தாள். திருப்பூர் கம்பெனியின் தூசி நினைவுக்கு வந்தது. தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அமாவாசையன்று கரையில் நல்ல கூட்டம். படகைத் தண்ணீரை ஒட்டி மண்ணில் ஏற்றி நிறுத்தி, மாலை போட்டிருந்தார்கள். சுபாஷ் கூலிங்கிளாசும் கேப்டன் தொப்பியுமாக நின்றான். நாகலட்சுமி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். முருகானந்தம் மரியாதைக்குத் துண்டு போர்த்திக்கொண்டு முன்வரிசையில் நின்றான். படகில் ஒரு ஈ காக்கை ஏறவில்லை.

சாமியப்பன் சூடம் சுற்றி முடித்ததும் ரஞ்சிதா தேங்காயை நீட்டினாள். நீட்டிய தேங்காயை விடாமல் சொன்னாள், "ஐயா, இன்னிக்காச்சும் கரையில கல்லுல ஒடைச்சுருங்க. நான் கேக்கறது இதுதானுங்க."

"தள்ளிப் போ புள்ள, நல்ல நேரத்துல நொய்நொய்னு" என்று பிடுங்கிக்கொண்டார்.

முதல் போடு 'டொக்' என்றது. தேங்காய் அப்படியே இருந்தது. கூட்டத்தில் யாரோ "ச்சொ" என்றார்கள். இரண்டாவது போடு கொஞ்சம் பலமாக. தேங்காய் துள்ளிப் போய்ச் சுபாஷின் காலடியில் விழ, கேப்டன் இரண்டடி பின்னால் குதித்தார். நாகலட்சுமியின் முகம் மாறியது. உடையாத தேங்காய் லேசுப்பட்ட சகுனமா? சாமியப்பனுக்கு வேர்த்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்து, தன் அத்தனை லாரிக்கும் சேர்த்து ஓங்கி ஒன்று போட்டார்.

'படார்!' கூட்டம் நிம்மதியாகக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட பிறகுதான் பார்த்தார்கள், தேங்காய் முழுசாக அவர் கையிலேயே இருந்தது. முருகானந்தத்தின் வீக்கத்துக்கு ஒரு கீறல் இல்லை, கல் மாதிரி நின்றது. அதன் ஓரத்திலிருந்து படகின் விளிம்புவரை, நல்ல தளம், வெடித்த நிலம் மாதிரிப் பிளந்து கிடந்தது. ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்தான்தான் முதலில் கேட்டான். அவனுக்குக் கள்ளம் தெரியாது, நிசமாகவே புரியாமல் கேட்டான்.

"ஏனுங்க, படகுல ஒருத்தருமே ஏறலீங்களே? அப்புறம் எப்பிடிங்க ஓவர்லோடு ஆச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். சாமியப்பன் முருகானந்தத்தைப் பார்த்தார். முருகானந்தம் துண்டால் முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். சாமியப்பன் பிளவைப் பார்த்தார், கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார், ரஞ்சிதாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த யாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார்கள், புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை, 'தப்பு என்னுதுதான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று ரஞ்சிதா காத்திருந்தாள்.

நாகலட்சுமி முந்திக்கொண்டாள். "இதென்னங்க கண்றாவிச் சகுனம்! எந்தம்பி பையன் ஏறப்போற அன்னிக்குத் தேங்கா ஒடையாமப் படகு ஒடையுது! நான் அவனை இதுல ஏத்த மாட்டேன். ஆமா, சொல்லிப்புட்டேன்."

முழுகுகிறவருக்குக் கட்டை கிடைத்த மாதிரி சாமியப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். "அதானே! இத்தன நாளும் ஒடைஞ்ச தேங்கா இன்னிக்கு ஏன் ஒடையல? படகுக்கு ஆளை மாத்தறது புடிக்கல! அதுக்கு இந்தப் புள்ளதான் ராசி. படகு அவளத்தான் கேக்குது!"

கூட்டத்தில் 'ஆகா' என்று ஒரு சத்தம் எழுந்தது. சுபாஷ் தொப்பியைக் கழற்றி, பாம்பைக் கொடுக்கிற மாதிரி ரஞ்சிதாவிடம் நீட்டினான். அவன் முகத்தில்தான் எத்தனை சந்தோசம்!

ரஞ்சிதா தொப்பியை வாங்கவில்லை. படகு கிடைத்துவிட்டது, திருப்பூர் போக வேண்டாம். ஆனாலும் வயிறு எரிந்தது. தப்பு அவளுடையது இல்லை என்று விட்டிருந்தால் தலை நிமிர்ந்து நின்றிருப்பாள். இந்த ஆள் ராசிக்காரி என்றல்லவா விட்டிருக்கிறார்! சரி, அவர் கொடுத்த கயிற்றையே பிடிப்போம் என்று முன்னால் வந்தாள்.

"சரிங்கய்யா. ஆனா இனிமேப்பட்டு இந்தப் படகுக்குத் தேங்கா நாந்தான் ஒடைப்பேன். நீங்க கை வெக்கக்கூடாதுங்க."

"என்ன புள்ள பேசற?"

"நான் பேசலீங்க. படகு கேக்குதுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. படகு பேசும் என்று சொன்னவரே அது பேசாது என்று எப்படிச் சொல்வார்? சாமியப்பன் வாயைத் திறந்தார், நாகலட்சுமி முறைத்தாள், மூடிக்கொண்டார். தேங்காய் கைமாறியது.

ரஞ்சிதா கரைக்கல்லுக்கு நடந்தாள். அந்தக் கனத்த ஓட்டுத் தேங்காயை, அத்தனை மாத ஆத்திரத்தையும் கையில் கொண்டுவந்து, ஒரே போடு. தேங்காய் இரண்டு பாதியாகப் பிளந்து தண்ணீர் தெறித்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று முதலில் கத்தியது சாமியப்பன்தான். அதன்பின் ரிசார்ட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் படகு ஆள் கேட்ட கதையைச் சொல்லிவருகிறார். ஓவர்லோடு என்ற பேச்சையே அதில் காணோம்.

அடுத்த வாரம் முருகானந்தம் மறுபடி வந்தான். இந்தத் தடவை கட்டை நன்றாகக் காயட்டும் என்று அவனாகவே சொன்னான். ரஞ்சிதா படகின் பின்பக்கம், ஆட்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிளவின் மேல் காசால் தட்டிக்கொண்டே போனான். தொப், தொப்.

"ஏனுங்ணா" என்று கூப்பிட்டாள். "இதுக்கு எத்தன பேரு ஏறியிருப்பாங்க?"

முருகானந்தம் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு தலையைத் தூக்காமலே உப்புத்தாளை எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கத் தொடங்கினான்.